அமாவாசைக் கால்வலி

ஜெயராமன் காபியைத் தொடவில்லை.

கலைவாணி டம்ளரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் வெகுநேரம் ஆயிற்று. மேலே ஆடை படிந்து, ஓர் ஈ வந்து உட்கார்ந்து, அதுவும் பறந்துபோய்விட்டது. அவருக்குக் கோபம் வந்தால் கத்துவார், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் காபியை மட்டும் அவர் விட்டதே இல்லை. அதனால் இன்றைய கோபம் வழக்கமான கோபம் இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

கூடத்துக் கட்டிலில் கலைவாணியின் மாமியார் அம்மாக்கண்ணு படுத்திருந்தாள். வலது காலுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பலகை வைத்துக் கட்டியிருந்தது. முந்தின நாள் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் ஸ்பெஷல் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "இவங்களுக்கு ஏற்கெனவே இடுப்பு மாத்தி இரும்பு வெச்சிருக்குது. இத நாங்க இங்க தொட முடியாது, விழுப்புரம் கொண்டு போயிடுங்க" என்று சொல்லி வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார். படுக்கவைத்துக் கொண்டுபோகிற வண்டி காலையில்தான் வரும் என்றார்கள். அது வருவதற்குள் வீட்டில் இருந்தவர்கள் கலைவாணியை ஒரு பாடு பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமி கும்புடறத நான் கொற சொல்லலக்கா" என்று அடுப்படியிலிருந்து ஆரம்பித்தாள் மணிமொழி. கொழுந்தன் குருவின் மனைவி. குறை சொல்லவில்லை என்று ஆரம்பித்தால் அன்றைக்குப் பெரிதாக வரப்போகிறது என்று அர்த்தம். "ஆனா இடுப்பு மாத்துன மனுசிய அந்தக் கும்பல்ல இட்டுக்னு போலாமா? உனுக்கு வேண்டுதல் இருந்தா நீ போ! அவங்கள ஏன் இழுத்துக்னு போற? ஒவ்வொரு தபாவும் போயிட்டு வந்து, கால் வலி கால் வலின்னு ரெண்டு நாளு சுருண்டு கெடப்பாங்களே... அத பாத்துமா உனுக்கு மனசு வரல?"

"வுடு மணிமொழி" என்றார் ஜெயராமன். குரல் தாழ்ந்திருந்தது. "அவகிட்ட பேசி இன்னா ஆவப்போவுது. நான் எத்தினி தபா சொன்னேன்... எங்கம்மாவ கொன்னாதான் அவ சாமி அடங்கும் போல!"

கலைவாணி வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தது. அம்மாக்கண்ணு மருமகளை அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான். கலைவாணி வாயை மூடிக்கொண்டு, வெந்நீரில் துணியை நனைத்து மாமியாரின் முகத்தைத் துடைத்தாள். அவள் கண் சிவந்து எரிந்தது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது, அப்புறம் ஒரு வாய் தண்ணீரோடு சரி.

அந்த வீட்டில் கலைவாணிக்கு 'மலையனூர்க்காரி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அமாவாசை வந்துவிட்டால் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மாமியாரோடு பஸ் ஏறிவிடுவாள். மகன் பிரசாந்துக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஆரம்பித்த வேண்டுதல் அது. பிரசாந்துக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அந்த வேலையை அவன் விட்டுவிட்டு இன்னொரு வேலைக்கும் போய்விட்டான். வேண்டுதல் மட்டும் தீர்ந்தபாடில்லை. மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்து விளக்கேற்றினால்தான் பலிக்கும் என்று குறிசொல்கிற ஒருத்தி சொன்னாளாம். அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்பது அம்மாக்கண்ணுவுக்கும் கலைவாணிக்கும் மட்டும்தான் தெரியும்.

உண்மை வேறு. ஜெயராமனுக்கு ஒரு தங்கை இருந்தாள், சுமலதா. கூடப் படித்த பீமாராவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவள். பீமாராவ் பள்ளிக்கூட வாத்தியார், குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். ஆனால் அவன் பிறந்தது ஊருக்கு வெளியே காலனியில். ஜெயராமனுக்கு அது போதுமானதாக இருந்தது. தங்கை செத்துவிட்டாள் என்று சொல்லி, தெருவே பார்க்கத் தலைமுழுகினார். நாலு பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு பீமாராவின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று கத்திவிட்டு வந்தார். அவன் மாற்றல் வாங்கிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போய்விட்டான். "அவ மூஞ்சில நீ முழிச்சன்னு தெரிஞ்சுது, அப்பறம் நீயும் எனக்கு அம்மா இல்ல. அவங்கள அங்கயும் குடியிருக்க வுட மாட்டேன்" என்று பெற்றவளிடமே சொன்னார்.

அதற்கு அப்புறம் அம்மாக்கண்ணு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். நாளுக்கு நாள் வற்றிப்போகிற அந்த உடம்பைக் கூட இருந்து பார்த்தவள் கலைவாணி. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சுமலதாவுக்குப் போன் போட்டாள். ஊரே திரள்கிற அமாவாசைக் கூட்டத்தில் யார் யாரைத் தேடப் போகிறார்கள்! வளையல் கடைகளுக்குப் பின்னால், பொரி மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்றைக்கே அம்மாக்கண்ணு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு மருமகளின் கையைப் பிடித்தாள்.

"பிரசாந்த் மேல சத்தியமா சொல்லு. ராமனுக்கு இது என்னிக்கும் தெரியக் கூடாது."

பெற்ற பிள்ளையின் மேல் சத்தியம் செய்வது லேசான காரியமா? ஆனாலும் கலைவாணி செய்தாள்.

அதிலிருந்து மாதம் ஒரு நாள். சுமலதாவுக்கு மோனிகா பிறந்தாள். ஆயாவின் மடியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை சுண்டல் தின்னும். பஸ் ஏறும் நேரம் வந்தால் "ஆயா போவாத" என்று அழும். வீட்டுக்கு வந்த பிறகு அம்மாக்கண்ணுவால் எழுந்து நடமாட முடியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் ரெண்டு நாள் அழுவாள். என்ன என்று கேட்டால், "கால் வலிப்பா" என்பாள். கலைவாணி அந்த வலியில்லாத காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். வீடு முழுக்கத் தைல வாசனை வீசும். "உன்னாலதான்!" என்று ஜெயராமன் கத்துவார். மணிமொழி முணுமுணுப்பாள். அதையெல்லாம் வாங்கி வாங்கிக் கலைவாணிக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று அவளாகச் சொல்லிக்கொண்டாள்.

நேற்று அவர்கள் இறங்குவதற்குள்ளேயே கீழே நின்ற கூட்டம் சீட்டுப் பிடிக்கப் பஸ்ஸில் ஏற ஆரம்பித்துவிட்டது. யாரோ தோளால் இடித்தார்கள். அம்மாக்கண்ணு படியிலிருந்து தார் ரோட்டில் பக்கவாட்டாக விழுந்தாள். எலும்பு முறிகிற சத்தம் கலைவாணிக்குக் கேட்டது. கொஞ்சம் தள்ளிக் காத்திருந்த சுமலதாவும் பார்த்துவிட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆனால் பக்கத்திலேயே எதிர்வீட்டுக்காரர் பாவாடை நின்றிருந்தார், தூக்கிவிட வந்தவர் அவர்தான். கலைவாணி சுமலதாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பெற்ற தாய் ரோட்டில் கிடந்து அலற, மகள் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றாள். அந்த முகம் இரவு முழுக்கக் கலைவாணியின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது.

*

விழுப்புரத்தில் அது ஒரு தனியார் எலும்பு மருத்துவமனை. அன்று மத்தியானமே பெரிய டாக்டர் வார்டுக்கு வந்துவிட்டார். நாற்பது வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது இடுப்புல மாத்தின பந்து. பந்துக்குக் கீழ ஒரு இரும்புத் தண்டு தொடை எலும்புக்குள்ள இறங்கியிருக்கு, பாருங்க. அந்தத் தண்டு முடியற இடத்துல எலும்பு உடைஞ்சிருக்கு."

"கட்டு போட்டா எலும்பு சேராதுங்களா?" என்றார் ஜெயராமன்.

"சேராதுங்க. ஆபரேஷன்தான். ரெண்டு வழி இருக்கு. உள்ள இருக்கற தண்டு எலும்போட கெட்டியா பிடிச்சிருந்தா, அதைத் தொட வேண்டியதில்லை. எலும்புக்கு வெளிப்பக்கம் நீளமா ஒரு பிளேட் வெச்சு, கீழ ஸ்க்ரூ போடுவேன். மேல தண்டு இருக்கறதால பெரிய ஸ்க்ரூ உள்ள போகாது. அங்க கம்பியால எலும்பையும் பிளேட்டையும் சேர்த்துச் சுத்தி இறுக்கணும். அதோட முடிஞ்சுது. ஆனா தண்டு ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தா பிளேட் போட்டு பிரயோஜனமில்லை. பழசை உருவி எடுத்துட்டு, இன்னும் நீளமானதை இறக்கணும். அது ரொம்பப் பெரிய ஆபரேஷன். ரத்தம் நிறையப் போகும். இவங்க இதயம் பலவீனமா இருக்கற நிலைமையில..." டாக்டர் நிறுத்திக்கொண்டார். "தண்டு ஆடுதான்னு படத்துல தெளிவா தெரியலை. உள்ள போய் அசைச்சுப் பார்ப்பேன். ஆனா எதுக்குத் தயாரா போகணும்னு இப்பவே எனக்குத் தெரியணும். அதனால கேக்கறேன். விழறதுக்கு முன்னாலயே இந்தத் தொடையில வலி இருந்துதா? எழுந்து நடந்தா வலிக்கும், படுத்தா தேவலைங்கற மாதிரி?"

"இருந்துது டாக்டர்!" என்றார் ஜெயராமன் உடனே. "வருஷக்கணக்கா இருக்குது. கோயிலுக்குப் போய்ட்டு வந்தா ரெண்டு நாளு எழுந்திருக்கவே மாட்டாங்க. தைலம் தேச்சுத் தேச்சு..."

டாக்டரின் முகம் மாறியது. அம்மாக்கண்ணுவிடம் குனிந்தார். "ஏம்மா, அப்படியா? வலி இருந்துதா?"

கலைவாணி மாமியாரைப் பார்த்தாள். அம்மாக்கண்ணு மகனைப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மகனை.

"ஆமா சாமி" என்றாள். "வலிதான். ரொம்ப வலி."

"அப்ப தண்டு ஆடியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்" என்றார் டாக்டர். "பெரிய ஆபரேஷனுக்கே ஏற்பாடு பண்ணிடறேன். நீங்க கொஞ்சம் ரூமுக்கு வாங்க, பேசணும்." ஜெயராமன் பின்னாலேயே போனார்.

அவர்கள் தலை மறைந்ததுதான் தாமதம், கலைவாணி கட்டிலோரம் குந்தினாள்.

"அத்த! இன்னா அத்த இது... உனுக்கு ஏது கால் வலி? நீ மலையனூர்ல புள்ளயத் தூக்கிக்னு கடைகடையா நடந்தவ! வலி இல்லன்னு சொல்லிடு அத்த."

"சொன்னா? ரெண்டு நாளு எதுக்குப் படுத்துங் கெடந்தன்னு கேப்பான். இன்னா பதில் சொல்லுவ?"

"எதையாச்சும் சொல்லிக்கலாம்..."

"அவனுக்குத் தெரியாதாடி நான் பொய் சொன்னா? ஒண்ணக் கேட்டு ஒண்ணக் கேட்டு எல்லாத்தையும் புடுங்கிடுவான். அப்பறம் திண்டிவனத்துக்குப் போய் நிப்பான். அந்தப் புள்ள ரெண்டும் இப்பதான் நிம்மதியா ஒரு வாய் சோறு திங்குது..." அம்மாக்கண்ணுவின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக ஓடித் தலையணையில் இறங்கியது. "பெரிய ஆபரேசனோ சின்ன ஆபரேசனோ... போனா போவட்டும். நான் வாழ்ந்து முடிச்சவ."

"அப்படிச் சொல்லாத அத்த!"

"சத்தியம் பண்ணியிருக்க கலா. பிரசாந்த் மேல. மறந்துடாத."

கலைவாணி மறப்பாளா? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் நொந்து கிடந்தது. பேசாமல் இருந்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை. கேட்டவர்கள் கேட்டார்கள், சொன்னவர்கள் சொன்னார்கள். நாளைக்கு எது நடந்தாலும் அவள் மேல் ஏற்கெனவே விழுந்த பழிக்கு மேல் ஒன்றும் வந்துவிடாது. பேசினால் வீடு போகும். புருஷன் முகம் கொடுக்க மாட்டார். சத்தியத்தை மீறின பாவம் பிள்ளையின் தலையில் விழும்.

அப்புறம், பழசை உருவி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆடாத ஒன்றை எதற்காக உருவ வேண்டும்? ஒரு பொய்க்காகவா?

எழுந்தாள். மாமியாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் ரூமில் ஜெயராமன் கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில் எடுத்திருந்தார்.

"டாக்டர்..." என்றாள் கலைவாணி. மேஜை அருகே வந்து சொன்னாள். "டாக்டர், அவங்களுக்குக் கால் வலி இல்லீங்க. ஒரு நாளும் இருந்ததில்ல."

"ஏய், நீ இன்னா..." என்று ஜெயராமன் திரும்பினார்.

"அவங்க படுத்துங் கெடந்தது வலியால இல்லீங்க. அழுறதுக்கு. மகளப் பாத்துட்டு வந்து... பேத்திய வுட்டுட்டு வந்த ஏக்கத்துல அழுவாங்க. வெளிய சொல்ல முடியாம கால் வலின்னு சொன்னாங்க. ஆறு வருசமா நான்தான் இட்டுக்னு போனேன். அவங்க நல்லா நடப்பாங்க டாக்டர். கொழந்தயத் தூக்கிக்னு நடப்பாங்க. நேத்து கும்பல் தள்ளி, பஸ் படியிலேர்ந்து ரோட்டுல போய் விழுந்தாங்க. தானா ஒடையல."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிச்சயமா சொல்றீங்களாம்மா? எழுந்து முதல் அடி வைக்கும்போது நொண்டுவாங்களா?"

"மாட்டாங்க. என் புள்ள மேல சத்தியமா." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அதே பிள்ளையின் மேல் இன்னொரு சத்தியம்!

ஜெயராமன் பேனாவை மேஜை மேல் வைத்தார். வெளியே நடையில் வந்து, சுவரோரம் அவளை நிறுத்திவைத்துப் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"ஆறு வருசம்... என் சோத்தத் தின்னுட்டு, எனக்குப் பக்கத்துல படுத்துக்னு, ஒவ்வொரு மாசமும் என்ன முட்டாளாக்கியிருக்க. வேண்டுதலாம், குறியாம்! நானும் நம்பி எலுமிச்சம்பழம் வாங்கியாந்து குடுத்தேனேடி..."

"உங்கம்மா சாவக் கூடாதுன்னுதாங்க..."

"பேசாத! ஆபரேசன் முடியற வரைக்கும் இரு. ஊரு சிரிக்க வேணாம். அப்பறம் உன் தம்பி வூட்டுக்குப் போயிடு. என் மூஞ்சில முழிக்காத."

வார்டுக்குப் போனால், நர்ஸ் வந்து வலியைப் பற்றி மறுபடி விசாரித்ததில் அம்மாக்கண்ணுவுக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலைவாணி ஊட்டப்போன கஞ்சியை உதட்டை இறுக்கிக்கொண்டு மறுத்தாள். "சத்தியத்த மீறிட்டியேடி" என்று மட்டும் சொன்னாள். "என் பொண்ணு குடும்பத்தக் காவு குடுத்துட்டியே!"

கலைவாணி கஞ்சிப் பாத்திரத்தோடு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, சென்னைக்குப் போன் போட்டாள்.

"பிரசாந்து... சாப்டியா?"

"இன்னும் இல்லம்மா. ஆயா எப்படி இருக்கு? நான் நாளைக்குக் கிளம்பி வரட்டா?"

"வா. வண்டியில வராத, பஸ்ல வா. ரோட்டப் பாத்துத் தாண்டு. உடம்பு ஒண்ணும் பண்ணலியே உனுக்கு? காய்ச்சல் கீய்ச்சல்..."

"எனக்கு இன்னாம்மா? நல்லாதான் இருக்கேன். நீ ஏன் அழுவுற?"

"அழுவல. சளி" என்று போனை வைத்தாள்.

*

மறுநாள் காலையில் அம்மாக்கண்ணுவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வெளியே நீளமான பெஞ்சு. ஒரு கோடியில் ஜெயராமன், மறு கோடியில் கலைவாணி. நடுவில் குருவும் மணிமொழியும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலைவாணி சாமி கும்பிடப் பார்த்தாள். எந்த வார்த்தையும் வரவில்லை. அங்காளம்மன் பெயரைச் சொல்லி எத்தனை பொய் சொல்லியாயிற்று, இப்போது எந்த முகத்தோடு கேட்பது!

வெயில் ஏறி மத்தியானம் ஆன பிறகு டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டபடி வெளியே வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது" என்றார். "உள்ள தண்டு கெட்டியா பிடிச்சிருந்துது. நல்லா அசைச்சுப் பார்த்தேன், இம்மி நகரலை. பிளேட் வெச்சு, ஸ்க்ரூ போட்டு, மேல கம்பி சுத்தியிருக்கு. இதுக்கே நடுவுல பிரஷர் இறங்கிடுச்சு, கஷ்டப்பட்டுத்தான் தூக்கினோம்." அவர் பார்வை பெஞ்சின் கோடிக்குப் போனது. "நேத்து இந்த அம்மா வந்து சொல்லலைன்னா நான் பெரிய ஆபரேஷன்ல இறங்கியிருப்பேன். உள்ள போனதுக்கப்புறம் தெரிஞ்சு நிறுத்தியிருக்கலாம். ஆனா அதுக்குள்ள எவ்வளவு நேரம் போயிருக்கும், எவ்வளவு ரத்தம் போயிருக்கும்... இவங்க உடம்பு அதைத் தாங்கியிருக்காதுங்க."

மணிமொழி எழுந்து வந்து கலைவாணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா..." என்றவள், அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். ஜெயராமன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சாயங்காலம் அம்மாக்கண்ணுவைப் பார்க்க ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். ஜெயராமன் போனார். மயக்க மருந்து முழுக்கத் தெளியவில்லை. பாதித் தூக்கத்தில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள், யாரோ மடியில் உட்கார்ந்திருப்பதுபோல.

"மெதுவா தின்னு கண்ணு... வெரலக் கடிச்சுக்காத. இந்தா, இன்னொரு வாயி... ஆயா எங்கியும் போவல. ஆயா உன்னோடயே வந்துடறேன்... அழுவாத. உங்க மாமா நல்லவருதான். கோவக்காரு, அவ்ளோதான். ஒரு நாளைக்கி வந்து உன்னத் தூக்கிக்குவாரு, பாரேன்..."

ஜெயராமன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா இப்படி ஒரு குரலில் பேசி அவர் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவளுக்கு இருந்ததெல்லாம் 'கால் வலிப்பா' என்கிற குரல் ஒன்றுதான். மகனுக்குப் பயந்து, அழுவதற்குக்கூட ஒரு பொய்யைத் தேடிக்கொண்டவள். அந்தப் பயத்தோடுதான் நேற்று டாக்டரிடமும் சொன்னாள், தன் உயிர் போனாலும் போகட்டும் என்று. யாருக்குப் பயந்து? பெற்ற பிள்ளைக்கு!

அவர் வெளியே வந்தபோது முகம் கோணியிருந்தது. பெஞ்சுக்கு வந்து, கலைவாணிக்கு முன்னால் நின்றார்.

"அந்தப் புள்ள பேரு இன்னா?"

கலைவாணி நிமிர்ந்து பார்த்தாள். "மோனிகா."

"மோனிகா..." என்று ஒரு தடவை சொல்லிப்பார்த்தார். "போன் போடு. வரச்சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு." அதற்கு மேல் நிற்க முடியாமல், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டார். குரு பின்னாலேயே ஓடினான்.

*

அடுத்த நாள் காலையில் சுமலதா வந்தாள். வார்டு வாசலில் அண்ணனைக் கண்டதும் குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பீமாராவ் அவளுக்கும் பின்னால், ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழப்பையுமாக, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நடையிலேயே நின்றான்.

"அண்ணா..." என்றாள் சுமலதா. "அம்மாவ ஒரு தபா பாத்துட்டுப் போயிடறோம்ணா..."

ஜெயராமன் தங்கையைத் தாண்டி நடைக்குப் போனார். பீமாராவ் ஓர் அடி பின்வாங்கினான். அவன் கையிலிருந்த பழப்பையை ஜெயராமன் வாங்கிக்கொண்டார்.

"உள்ள வாங்க மாப்ள" என்றார். "ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

சுமலதா ஓவென்று அழுதுவிட்டாள்! அழுதுகொண்டே அண்ணன் மேல் சாய்ந்தாள். அவரும் அழுதார். பெரியவர்கள் எல்லாரும் அழுவதைப் பார்த்து மோனிகாவும் சத்தம் போட்டு அழ, நர்ஸ் வந்து அத்தனை பேரையும் அதட்டிவிட்டுப் போனாள்.

அம்மாக்கண்ணு மகளையும் பேத்தியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இரவே புறப்பட்டு வந்திருந்த பிரசாந்த் ஆயாவின் தலைமாட்டில் நின்றிருந்தான். கலைவாணி கூட்டத்துக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம்கூட அப்புறமாக வரட்டும் என்றுதான் இருந்தது. உட்கார இடம் கிடைத்தால் தேவலை.

"கலா" என்று கூப்பிட்டாள் அம்மாக்கண்ணு. "எங்கடி நிக்கிற? கிட்ட வா."

வந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றாள் அம்மாக்கண்ணு. மூச்சு வாங்கியது, விட்டு விட்டுத்தான் பேசினாள். "இவ சாமி பைத்தியம் இல்ல. என் பைத்தியத்துக்கு இவ பேரு வாங்கிக்கினா. ஆறு வருசமா நீங்க பேசின பேச்செல்லாம் நான் வாங்க வேண்டியது. இவ வாங்கினா. நானும் கேட்டுக்னு சும்மா படுத்துங் கெடந்தேன்... கடைசில நானே இவள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்." ஒரு கையால் பேரனின் தலையைத் தொட்டாள், இன்னொரு கையால் மருமகளின் கையைப் பிடித்தாள். "சத்தியம் வாங்கினவ நான். அத நானே திருப்பி எடுத்துக்கிட்டேன். எம் பேரனுக்கு ஒரு கொறையும் வராது. ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ பயப்படாத."

அப்போதுதான் கலைவாணிக்கு உடைந்தது. மாமியாரின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அத்த... அத்த..." என்று அழுதாள். ரெண்டு நாளாக உள்ளுக்குள் இறுக்கிவைத்திருந்த பயம் எல்லாம் வெளியே வந்தது. "உனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்... என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா..." அம்மாக்கண்ணு அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த கலைவாணி, தன் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். ஜெயராமன் பதறிப்போனார்.

"ஏய், எங்க கெளம்பற? நான் ஏதோ கோவத்துல போவச் சொன்னேன்... அத மனசுல வெச்சுக்கலாமா?"

"சிங்கவரம் போறேன். தம்பி வூட்டுக்கு."

"கலா... நான்தான் தப்புன்னு ஒத்துக்கறேன் இல்ல?"

"நீங்க இன்னும் ஒத்துக்கல. வாயாலதான் சொல்றீங்க" என்றாள் கலைவாணி. அவள் குரலில் சண்டையே இல்லை. "அத்தய பாத்துக்க மக இருக்கா, மருமவன் இருக்காரு, மணிமொழி இருக்கா. நீங்களும் இருக்கீங்க. காலு எப்பிடி வெக்கணும்னு டாக்டர் சொல்லிக் குடுப்பாரு, கத்துக்கோங்க. நான் கொஞ்ச நாளு தூங்கணுங்க."

"போவட்டும் ராமா" என்றாள் அம்மாக்கண்ணு கட்டிலிலிருந்து. "தடுக்காத அவள."

ஜெயராமன் பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்தார். கீழே இறங்கி ஜன்னலருகில் வந்து நின்றார்.

"கோவமா?"

"கோவந்தான்" என்றாள் கலைவாணி. "இருக்குது. இல்லன்னு சொல்ல மாட்டேன். இனிமே நம்ம வூட்டுல பொய் வேணாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வந்து கூப்புடட்டா?"

"நீங்க மட்டும் வராதீங்க. அத்த எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் அவங்களயும், சுமாவயும், மாப்ளயயும் இட்டுக்னு தெருவோட வாங்க. ஊரு பாக்கக் கூப்புடுங்க. வரேன்."

ஊர் பார்க்க என்ற வார்த்தையில் அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. காலனி மாப்பிள்ளையோடு நடுத்தெருவில் நடந்து வருவது அவருக்கு எவ்வளவு கனமான காரியம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. ஜெயராமன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு கூடவே நடந்து வந்தார்.

"வரேன்" என்றார். "எல்லாரோடயும் வரேன்."

கலைவாணி தலையை ஆட்டிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தாள். பஸ் விழுப்புரத்தைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.